சாராயக் கணக்கில் எழுதப்படும் ஈரல்கள்

தோட்டத்தில் ஒருவருடைய கண் மஞ்சளாகி, வயிறு ஊதி, கால் வீங்கிவிட்டால் டொக்டர் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "குடிச்சுக் குடிச்சே ஈரலக் கெடுத்துக்கிட்டாரு." பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். கசிப்பும் சாராயமும் மலையகத்தில் எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் விட்டிருக்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் ஈரலைத் தின்பது குடி மட்டுமல்ல. பி வகை, சி வகை ஈரல் அழற்சி (ஹெப்பட்டைட்டிஸ்) வைரசுகளும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு துளி மதுவைத் தொடாத பெண்ணுக்கும் செய்கின்றன. சிலருக்குக் குடியும் வைரசும் ஒரே ஈரலில் சேர்ந்திருந்து அழிவை விரைவாக்குகின்றன. சாவு வந்த பிறகு பழி முழுவதையும் சாராயத்தின் தலையில் போட்டுவிடுகிறோம். அந்த மனிதரின் இரத்தத்தை ஒரு தடவையாவது யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது நமக்கு ஒரு குறையாகவே தோன்றுவதில்லை.

சோதிக்காமலே சாராயத்தின் மேல் பழிபோடும் இந்தப் பழக்கத்துக்கு மிகவும் விலை கொடுக்கக்கூடிய ஒரு சிறு கூட்டத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் சி வகை ஈரல் அழற்சியும் சேர்ந்துகொண்டவர்கள் அவர்கள். இலங்கையில் எச்.ஐ.வி. தொற்று வயதுவந்தோரில் 0.1 சதவீதத்துக்கும் கீழேதான் இருக்கிறது. சி வகை ஈரல் அழற்சியும் இங்கே அரிதுதான்; நம் நாட்டில் ஹெரோயின் பாவிப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் புகையாக இழுப்பவர்களே, ஊசியாக ஏற்றுபவர்கள் குறைவு என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆகவே இரண்டு தொற்றும் ஒருங்கே உள்ளவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். மிகச் சிலர் என்பதால் அவர்களை மறந்துவிடலாம் என்று ஒரு நாடு நினைக்கலாம். மிகச் சிலர் என்பதால் ஒருவரைக்கூட விடாமல் குணப்படுத்திவிடலாம் என்றும் நினைக்கலாம். நாம் இரண்டாவது பக்கம் நிற்கிறோம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் வாழ்கிற ஒவ்வொருவரும் அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

நோயைப் பற்றி முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் செங்கமாரி என்றதும் நம் மக்கள் மனதில் வருவது தண்ணீராலும் உணவாலும் பரவி, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, சில வாரங்களில் மாறிவிடும் நோய். அது ஏ வகை. சி வகை அப்படியல்ல. அது இரத்தத்தால் இரத்தத்துக்குப் பரவுவது. 1989இல்தான் அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டது. அந்தப் பணிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்ள்ஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. தொற்றியவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே நீங்கிவிடும். பெரும்பாலோருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். தங்கிய பிறகு பல வருடங்களுக்குக் கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது, கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் ஒரு தடையும் இருக்காது. அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு இருபது வருடத்துக்குள் ஈரல் சுருங்கி இறுகிப்போகும். சிலருக்குப் புற்றுநோயாகும்.

எச்.ஐ.வி. இருப்பவருக்கு இந்தக் காலக்கணக்கு சுருங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடம்பில் சி வைரஸ் பெருகும் அளவு கூடுகிறது. ஈரல் தழும்பேறும் வேகமும் கூடுகிறது. இதில் மனதை வருத்துகிற ஓர் உண்மை இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்து கிடைக்காத காலத்தில் மக்கள் எச்.ஐ.வி.யாலேயே இறந்தார்கள், ஈரல் கெட்டுப்போகும் வரை அவர்கள் வாழவில்லை. மருந்து கிடைத்த பிறகு அவர்கள் வாழ ஆரம்பித்தார்கள், அப்போது ஈரல் அவர்களைக் கொண்டுபோக ஆரம்பித்தது. இந்தியாவின் மணிப்பூரில் ஊசிப் போதை வழியாக இரண்டு தொற்றும் ஒன்றாகப் பரவின. எச்.ஐ.வி.யிலிருந்து மீண்டு நின்றவர்கள் ஈரல் நோயால் சாய்வதை அங்கே குடும்பங்கள் கண்ணால் கண்டன. உலகத்தில் இரண்டு தொற்றும் சேர்ந்தவர்கள் சுமார் 23 லட்சம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு காலத்தில் கணக்கிட்டிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊசிப் போதை பாவித்தவர்கள்.

இனி நல்ல செய்தி. சி வகை ஈரல் அழற்சியை இன்று மாத்திரையால் முழுமையாகக் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தத்தான் முடியும். சி வகையை உடம்பைவிட்டே துரத்த முடியும். பழைய சிகிச்சை அப்படியல்ல. இன்டர்ஃபெரோன் ஊசி வாரத்துக்கு ஒன்று, அதோடு ரிபாவிரின் மாத்திரை, 48 வாரம். காய்ச்சல், இரத்தச் சோகை, மனச் சோர்வு என்று அந்த வருடம் முழுவதும் நோயாளி படுத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவும் பட்ட பிறகு, எச்.ஐ.வி.யும் உள்ளவர்களில் நூற்றுக்கு 40 பேர்தான் குணமானார்கள் என்பது 2004இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவு. நாட்சம்பளத்துக்கு மலை ஏறும் ஒரு தொழிலாளிக்கு அந்தச் சிகிச்சை எட்டாத ஒன்று.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 12 வாரச் சிகிச்சைக்கு விலை 84,000 டொலர். ஒரு மாத்திரை ஆயிரம் டொலர். அந்த விலையைப் பார்த்து உலகமே கொதித்தது. நோயாளர் அமைப்புகளும் மருத்துவர்களும் ஏழை நாடுகளும் கொடுத்த அழுத்தத்தின் நடுவே, 2014 செப்டெம்பரில் இந்திய மருந்துக் கம்பனிகள் அதைத் தயாரித்து 91 நாடுகளில் விற்க உரிமம் வழங்கப்பட்டது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதோடு சேர்த்துக் கொடுக்கும் டக்லாட்டாஸ்விர் மாத்திரைக்கு அடுத்த வருடம் அதேபோன்ற வழி திறந்தது. இன்று இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து 12 வாரத்துக்கு 60 டொலர் அளவில் வாங்குவதற்கான வழி நாடுகளுக்கு இருக்கிறது. எண்பத்து நான்காயிரம் எங்கே, அறுபது எங்கே. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதே இரண்டு மருந்தையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. நூற்றுக்கு 97 பேர் குணமடைந்திருந்தார்கள். எச்.ஐ.வி. இருப்பதால் இந்தச் சிகிச்சை பலிக்காது என்ற பழைய எண்ணத்துக்கு அத்தோடு இடமில்லாமல் போயிற்று.

ஆகவே மருந்து இருக்கிறது. இல்லாதது மருந்துக்கும் லயத்துக்கும் நடுவிலுள்ள பாதை. அந்தப் பாதையை வைத்தியசாலை மட்டும் போட முடியாது.

பாதையின் முதல் தடை இரத்தப் பரிசோதனை மேல் இருக்கும் பயம். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நம் மக்களுக்குச் செய்யும் அநியாயம். இருநூறு வருட வரலாற்றில் இந்தச் சமூகம் பார்த்த பரிசோதனைகளில் பல, அவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் நம் முன்னோரைத் தடுத்து வைத்து உடம்பைச் சோதித்துக் கப்பலேற்றியபோது கேட்கப்பட்ட கேள்வி, இந்த உடம்பு வேலைக்கு ஆகுமா என்பதுதான். இன்றைக்கு வளைகுடா நாடுகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குக் கொழும்பில் நடக்கிற மெடிக்கலும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. அந்தச் சோதனையில் எச்.ஐ.வி.யோடு சி வகை ஈரல் அழற்சியும் பார்க்கப்படுகிறது. இருந்தால் "அன்ஃபிட்". ஏஜென்சிக்காரருக்குக் கொடுத்த காசும் போய், கட்டிய கனவும் போய், அந்த ஒரு சொல்லோடு ஹட்டன் பஸ்ஸில் ஏறுகிற பெண்ணுக்கு, தனக்கு என்ன நோய், அதற்கு எங்கே வைத்தியம், எத்தனை மாதத்தில் குணமாகும் என்று உட்கார வைத்து விளக்குகிற கடமை யாருடையது? சோதனை நிலையத்துடையது என்கிறோம் நாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துடையது என்கிறோம். அவளை அனுப்ப வந்த ஏஜென்டுக்கும் அதில் பங்கு உண்டு. நோயைக் கண்டுபிடித்துவிட்டு நோயாளியைக் கைவிடுகிற சோதனை, பயத்தை மட்டுமே வளர்க்கும். சோதனைக்குப் பின்னால் சிகிச்சை நிச்சயமாக நிற்கிறது என்று தெரிந்தால் மக்கள் தாமாகவே கை நீட்டுவார்கள்.

அப்படிக் கை நீட்டியதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிஃபிலிசும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. அந்தச் சாதனை கொழும்பில் இருந்தபடி செய்யப்பட்டதல்ல. தோட்டங்களிலும் கிராமங்களிலும் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் தேடிப்போய், கிளினிக்குக்கு வரவழைத்து, இரத்தம் எடுக்கச் சம்மதிக்க வைத்த குடும்ப நல உத்தியோகத்தர்களால் செய்யப்பட்டது. மழையில் குடையோடு ஏற்றம் ஏறி லயத்துக்கு லயம் நடந்த அந்த 'மிட்வைஃப் மிஸ்'மார் பெயர்கள் எந்தச் சான்றிதழிலும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் நிரூபித்துவிட்டார்கள்: தோட்டத்துப் பெண்கள் பரிசோதனையை வெறுப்பவர்கள் அல்லர், மரியாதையோடு விளக்கினால் வருகிறார்கள்.

இரண்டாவது தடை மொழி. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் சனத்தொகையில் பாதிக்கு மேல் தமிழர்கள். ஆனால் கிளினிக் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தமிழ் பேசுவார் என்பது இன்னும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது. வயிற்று வலி, தலைவலி என்றால் கைச்சாடையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. என்றால் அது முடியாது. சிங்களம் தெரிந்த பக்கத்துக் காம்பராப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தப் பிள்ளை கெட்டதல்ல. ஆனாலும் அந்தக் கணத்தோடு இரகசியம் போய்விட்டது. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான், அதுவும் பல இடங்களில் கூரையைத் தொடாத சுவர். ஒரு வீட்டு இருமல் மறு வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஒரு சொல் வெளியே வந்தால் அடுத்த நாள் காலை வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் நிற்கும். இதனால்தான் மொழி உரிமையை நாம் அரசகரும மொழிச் சட்டத்தின் விவகாரமாக மட்டும் பார்க்கக் கூடாது. எச்.ஐ.வி. நோயாளிக்கு அது உயிர் விவகாரம். தமிழில் பேசும் ஒரு தாதியோ ஆலோசகரோ இருந்தால் அவர் தனியாகப் போவார். இல்லையென்றால் போகவே மாட்டார். இந்திய உதவியோடு கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற இடங்களில் கட்டடத்துக்குக் குறைவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் தமிழ் பேசுகிற ஆட்களை நிரந்தரமாக வைப்பதற்கு அரசும் மாகாண சபையும் பொறுப்பு. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளை மலையகத்தில் அதிகமாக உருவாக்குவதற்கு நாமும் பொறுப்பு. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத குறையும் ஈரல் நோயாளியின் குறையும் வெவ்வேறானவை அல்ல.

இரகசியம் வெளியானால் என்ன நடக்கும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். 2016இல் குளியாப்பிட்டியவில் ஒரு சிறுவனைப் பாடசாலைகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவனுடைய தகப்பன் எயிட்சால் இறந்தார் என்ற வதந்தி ஒன்றே காரணம். அந்தப் பிள்ளைக்குத் தொற்று இல்லை. இருந்திருந்தாலும் வகுப்பில் பக்கத்தில் உட்காருவதால் யாருக்கும் பரவாது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனுக்குக் கதவைத் திறந்தது. ஒரு பாடசாலை கதவைத் திறக்கும் வரை ஒரு குழந்தை தெருவில் நின்றது. நம் தோட்டத்தில் அப்படி ஒரு பிள்ளை நின்றால் முதலில் கதவைத் திறப்பது யார் என்பதைத் தோட்டத் தலைவரும் அதிபரும் கோயில் பரிபாலன சபையும் மாதர் சங்கமும் இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வதந்தி வந்த பிறகு பேச நேரம் இருக்காது. ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதால், கட்டிப்பிடிப்பதால், பிள்ளையைத் தூக்குவதால் எச்.ஐ.வி.யோ சி வகையோ பரவாது. இதைக் கோயில் மைக்கில் தலைவர் ஒருமுறை சொன்னால், பத்துத் துண்டுப்பிரசுரம் செய்யாததை அது செய்யும்.

சி வகை எப்படிப் பரவும் என்பதையும் அதே மைக்கில் சொல்ல வேண்டும். ஊசி. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது. கம்போடியாவில் ரோக்கா என்ற கிராமத்தில் உரிமம் இல்லாத வைத்தியர் ஒருவர் வீடு வீடாக ஊசி போட்டு வந்தார். மக்கள் அவரை நேசித்தார்கள். 2014 இறுதியில் அங்கே இரத்தம் சோதிக்கப்பட்டபோது சில மாதங்களில் 240க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது, குழந்தைகளிலிருந்து தாத்தா பாட்டி வரை. அவர்களில் பெரும்பாலோருக்கு சி வகையும் சேர்ந்திருந்தது. போதையும் இல்லை, வேறெந்த நடத்தையும் காரணமில்லை. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டதுதான் அவர்கள் செய்தது. "ஊசி போட்டாத்தான் சொகமாகும்" என்ற நம்பிக்கை நம் பக்கத்திலும் ஆழமாக இருக்கிறது. மாத்திரை மட்டும் எழுதிக் கொடுக்கும் டொக்டரை "ஒண்ணுமே பாக்கல" என்று குறை சொல்லுகிறோம். அந்த நம்பிக்கையை மெல்ல மாற்ற வேண்டியது தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் மருத்துவ உதவியாளரின் பொறுப்பு. புது ஊசியை நம் கண் முன்னால் உறை கிழித்து எடுக்கச் சொல்லிக் கேட்பது நம் பொறுப்பு.

சலூனில் ஒவ்வொருவருக்கும் புது பிளேட் என்பதும், பச்சை குத்தும் இடத்தில் புது ஊசி என்பதும் இதில் அடங்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பரிசோதகர் தொட முடியாது. நாம்தான் தொட வேண்டும். அது காவடி. மாரியம்மன் திருவிழாவிலும் முருகன் திருவிழாவிலும் நம் இளைஞர்கள் அலகு குத்துகிறார்கள், முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிறார்கள், பறவைக் காவடியில் தொங்குகிறார்கள். கடலுக்கு அப்பாலிருந்து நம் முன்னோர் கூடவே கொண்டுவந்த நேர்த்தி அது. அதை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஆனால் ஒருவர் முதுகிலிருந்து எடுத்த கொக்கியை விபூதி தடவித் துடைத்து அடுத்தவர் முதுகில் மாட்டுவது பக்தியின் பகுதியல்ல. ஒவ்வொரு பக்தருக்கும் தனித்தனிக் கொக்கி, தனித்தனி அலகு, முன்கூட்டியே வைத்தியசாலையில் கிருமி நீக்கம் செய்தது. தீயில் காட்டுவதும் வெந்நீரில் அலசுவதும் போதுமானதல்ல. இதைக் கோயில் பரிபாலன சபையும் அலகு குத்தும் பெரியவரும் சேர்ந்து முடிவெடுத்தால் ஒரு வருடத்தில் வழக்கமாகிவிடும். அம்மன் கோபிக்க மாட்டாள்.

ஊசிப் போதையைப் பற்றியும் வாய் மூடி இருக்க முடியாது. நகரங்களில் ஹெரோயினும் ஐஸும் புழங்கும் நாட்டில் மலையகம் மட்டும் தனித்தீவு அல்ல. கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்குப் போன பையன்கள் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வருகிறார்கள். போதைப்பொருளுக்கு எதிராக 2023 டிசம்பரில் பொலிசார் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைது செய்யப்பட்டார்கள். விற்பவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அடிமையாகிவிட்ட பிள்ளையைப் பிடித்துச் சிறையில் அடைப்பதால் அவன் இரத்தம் சுத்தமாகாது. அவன் ஒளிந்துகொள்வான், பரிசோதனைக்கு வரமாட்டான். இரட்டைத் தொற்று அப்படி ஒளிகிற இடங்களில்தான் வளர்கிறது என்பதை மணிப்பூர் நமக்குக் காட்டியிருக்கிறது.

எச்.ஐ.வி. கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சி வகைச் சோதனையும் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. முதலில் எதிர்ப்பொருள் சோதனை. அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஒரு காலத்தில் வந்து போனதாகவும் இருக்கலாம். ஆகவே வைரசையே தேடும் இரண்டாவது சோதனை வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்துபோன எச்.ஐ.வி. நோயாளியிடம் முதல் சோதனை இல்லை என்று தவறாகக் காட்டவும் கூடும். சந்தேகம் இருந்தால் நேரே இரண்டாவதைச் செய்வது நல்லது. இதற்குப் புது ஆய்வுகூடம் கட்ட வேண்டியதில்லை. காசநோயைக் கண்டறியப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்திலேயே அதற்குரிய கார்ட்ரிட்ஜைப் போட்டு சி வைரசையும் அளக்கலாம். நோயாளியைக் கொழும்புக்கு அலைய விடாமல் இரத்த மாதிரியை மட்டும் அனுப்பினால் போதும்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றியும் நோயாளியும் குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். 2019 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் முதல்வரிசையாகப் பரிந்துரைக்கும் டொலுடெக்ரவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தோடு சி வகை மாத்திரைகள் சமாதானமாகவே போகும். பழைய எஃபாவிரென்ஸ் மருந்து எடுப்பவருக்கு டக்லாட்டாஸ்விர் அளவை 60 மில்லிகிராமிலிருந்து 90 ஆகக் கூட்ட வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இருந்தால் சி வகைச் சிகிச்சையையே தள்ளிப்போட வேண்டும். அது இந்த மாத்திரைகளின் பலத்தைக் கரைத்துவிடும். பி வகை ஈரல் அழற்சி மறைந்திருந்தால் சி வகை போன பிறகு அது தலைதூக்கலாம் என்பதால் அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் டொக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் மார்புச் சளி கிளினிக்கில் ஒரு டொக்டர், எச்.ஐ.வி. கிளினிக்கில் ஒரு டொக்டர், தனியார் பார்மசியில் ஒருவர் என்று மூவரிடமும் மூன்று விஷயத்தை மறைக்கிற நோயாளியை எந்த டொக்டரும் காப்பாற்ற முடியாது. அவர் மறைப்பது பயத்தால். அந்தப் பயத்துக்கு நாமெல்லோரும் பொறுப்பு.

குடியை நிறுத்தினால்தான் மருந்து தருவோம் என்று சொல்லும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அது தவறு. குடிப்பவருக்கும் மாத்திரை வேலை செய்கிறது. குடியை விடச் சொல்ல வேண்டும், உதவவும் வேண்டும், அதற்காகச் சிகிச்சையைப் பிணையாகப் பிடித்துவைக்கக் கூடாது. நல்லவன் கெட்டவன் என்று பார்த்து மருந்து கொடுப்பது வைத்தியமல்ல.

நல்லவன் கெட்டவன் பாராமல் மருந்து கொடுப்பதை எகிப்து செய்து காட்டியது. 1950களிலிருந்து பல வருடங்கள் அங்கே நத்தைப் புழு நோய்க்கு எதிராக அரசே நடத்திய ஊசி இயக்கத்தில் கண்ணாடி ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பாவித்ததால் சி வகை நாடெங்கும் பரவியது. உலகத்திலேயே அதிகமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்றாயிற்று. 2018 ஒக்டோபர் தொடங்கி சில மாதங்களில் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேரின் இரத்தத்தை அவர்கள் சோதித்தார்கள். நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இலவசமாக மருந்து கொடுத்தார்கள். 2023 ஒக்டோபரில் ஒழிப்புப் பாதையில் முதலாவதாகத் தங்க நிலை பெற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் எகிப்தை அறிவித்தது. யாரால் யாருக்கு எப்படி வந்தது என்று ஒருவரையும் நிறுத்திக் கேட்கவில்லை. இந்தியாவும் 2018 ஜூலை 28இல் தேசியத் திட்டம் தொடங்கி இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கு வரிசையில் நின்ற நமக்கும், எண்ணிச் சொல்லக்கூடிய சில நோயாளிகளுக்கு 60 டொலர் மருந்தை ஒதுக்குவது பெரும் பாரமல்ல. எச்.ஐ.வி. மருந்தை இருபது வருடமாக இலவசமாகக் கொடுத்துவரும் நாடு இது.

கடைசியாக, கணக்கு. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நுவரெலியா கிளினிக்குக்குப் போய் வர ஒரு நாள் போகும். முதல் சோதனைக்கு ஒரு நாள், முடிவுக்கும் ஈரலின் நிலையைப் பார்க்கவும் இன்னொன்று, மருந்து தொடங்க ஒன்று, மாதாமாதம் மருந்து எடுக்க இரண்டு, முடிவில் ஒன்று, முடிந்து 12 வாரம் கழித்து வைரஸ் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க ஒன்று. ஏழு நாள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிட்டால் 9450 ரூபா. பஸ் காசு தனி. ஏழு நாள் 'பேர்' (வேலைநாள் பதிவு) இல்லாமல் போனால் அந்த மாதக் கடைக்கணக்கை எப்படிக் கட்டுவது என்று யோசிப்பவர் மூன்றாவது தடவையோடு நின்றுவிடுவார். குறைந்தது இரண்டு பயணத்தை வைத்தியசாலையே குறைக்கலாம். 12 வார மாத்திரையையும் ஒரே தடவையில் கொடுத்துவிடலாம். மிச்சம் ஐந்து நாளுக்குப் பேர் போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்கலாம். ஆனால் அதற்காக அவர் ஆபீசில் போய் நோயைச் சொல்லக் கூடாது. வைத்தியசாலைத் துண்டில் "கிளினிக் வந்தார்" என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் இருக்கக் கூடாது. எந்தக் கிளினிக் என்ற முத்திரையும் வேண்டாம். பிரஷர், சீனி, கண், ஈரல் எல்லாவற்றுக்கும் ஒரே துண்டு. இதைக் கம்பனிகளோடும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தோடும் பேசி முடிக்க வேண்டியவை தொழிற்சங்கங்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிறவர்தான் இந்த நோயாளியும். சம்பளப் பேச்சு வருகிறபோதெல்லாம் ஊடகங்கள் தொகையை மட்டும் எழுதுகின்றன. அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும் காகிதத்தில் கிளினிக் நாளுக்குச் சம்பளம் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டு போகும்படி எல்லாச் சங்கங்களையும் கேட்கிறோம்.